ஆமாம், என் மகன் அப்ரெண்டிஸ்

கதிர் கண்ணு,

உன்னை டெக்ஸஸில் இறக்கிவிட்டு அப்பா நேற்று விமானத்தில் வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆஸ்டின் வெயில் ஈரோட்டு வெயிலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்றார். அடுத்து உன் அபார்ட்மெண்ட் சமையலறையில் மிக்ஸி வைக்க இடமில்லை என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று நானாகக் கேட்ட பிறகுதான் அதற்கு வந்தார். "அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கறான். ஒரு பெட்டியத் தூக்க விடமாட்டேங்கறான் என்னை" என்று குறைப்பட்டுக்கொண்டே சிரித்தார். நீ ஸ்கூல் சேர்ந்த நாளிலும் அவர் இதே மாதிரி டீச்சரைப் பற்றியும் பெஞ்சைப் பற்றியும்தான் வந்து சொன்னார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரு பலன் வேண்டாமா? எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க உனக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும், ஒரே மூச்சில் வாசித்துவிட்டு ஒரு தம்ஸ் அப் போட்டு அனுப்புவதைவிட அது மேல். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் ஆபீஸில் இருந்து போகும் ரிமைண்டர் மாதிரியே வருகிறது, பாசமும் வருவதில்லை, திட்டும் வருவதில்லை. இன்னொன்று, இது உனக்கு மட்டும் எழுதுவது இல்லை. நம் தமிழ்ச் சங்க மலருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உன் வேலை போன கதையை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "ரைட் இட், அம்மா. ஜஸ்ட் டோன்ட் மேக் மீ எ ஹீரோ" என்றாய். அந்தக் கவலையே வேண்டாம். நீ விட்டுப்போன அறையைச் சுத்தம் செய்கிறவளுக்கு உன்னை ஹீரோவாக்கும் எண்ணம் வராது.

முதலில் இருந்து சொல்கிறேன், மலரை வாசிக்கிறவர்களுக்கும் புரியவேண்டும் இல்லையா. ஹைஸ்கூல் முடித்த வருஷம் உனக்கு நல்ல யுனிவர்சிட்டி ஒன்றில் இடம் கிடைத்தது. நான் ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லியும் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு முன்னால் உட்கார்ந்து, அங்கே போகவில்லை, டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் சேரப் போகிறேன் என்றாய். சிப் தயாரிக்கும் மெஷின்களைச் செய்கிற கம்பெனி ஒன்று உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், வாரத்தில் நாலு நாள் நம் வீட்டுக்குப் பக்கத்து மில்பிடாஸ் பிளாண்ட்டில் வேலை, ஒரு பகலும் இரண்டு சாயங்காலமும் யுனிவர்சிட்டி, படிப்புச் செலவு கம்பெனியுடையது, கடைசியில் இன்ஜினியரிங் டிகிரியும் வேலை தெரிந்தவன் என்ற சர்டிபிகேட்டும் சேர்ந்து வரும் என்று பொறுமையாக விளக்கினாய். என் காதில் விழுந்தது அப்ரெண்டிஸ் என்ற ஒரு சொல்தான். எங்கள் ஊரில் மார்க் வராதவனைத்தான் அப்ரெண்டிஸ் அனுப்புவார்கள். இத்தனை தூரம் வந்து, இத்தனை வருஷம் கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, கடைசியில் இவன் ஸ்பேனர் பிடிக்கவா என்று அன்றைக்கு நான் அழுதேன். நீ எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினாய். வட்டமாக வரவில்லை, ஆனால் முறுகலாக இருந்தது.

நீ சேர்ந்துவிட்டாய். சேர்ந்தபின் உன்னை நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை, ஆனால் வெளியே என்ன சொல்வது என்பது என் கையில் இருந்தது. பிளசன்டனில் பிரபா ஆன்ட்டி வீட்டில், ஆளுக்கு ஒரு பண்டம் கொண்டுபோகும் பாட்லக்கில் கேட்டபோது, "யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் படிக்கறான், கூடவே இன்டர்ன்ஷிப்" என்றேன். அதற்கு அடுத்த வருஷமும் இன்டர்ன்ஷிப் என்றேன். மூன்றாம் வருஷமும் அதையே சொன்னபோது பிரபா, "என்னக்கா, இன்னுமா இன்டர்ன்ஷிப் முடியல?" என்றாள். புளியோதரையில் உப்புக் கம்மி என்று பேச்சை மாற்றினேன். பாவம், புளியோதரை நன்றாகத்தான் இருந்தது. அப்பாவும் இதில் எனக்குக் கூட்டு. அவர் "செமிகண்டக்டர்ல இருக்கான்" என்பார். அது பொய் இல்லை என்பதில் அவருக்குத் தனித் திருப்தி. நீ மட்டும் யார் கேட்டாலும் "ஐ'ம் அன் அப்ரெண்டிஸ்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அது உன் அடக்கம் என்று நாங்களாகவே விளக்கம் கொடுத்துக்கொள்வோம்.

இந்த வசந்தத்தில் கம்பெனி மில்பிடாஸ் பிளாண்ட்டில் நீ வேலை பார்த்த தயாரிப்பு லைனை மூடியது. அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்து, ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாய். "அம்மா, தே'ர் குளோசிங் அவர் லைன். ஆல் த அப்ரெண்டிசஸ் ஆர் அவுட்." அப்பா கையில் இருந்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "எத்தனை நாள் டைம் குடுத்திருக்காங்க?" என்றார். உனக்குக் கேள்வி புரியவில்லை. "டைம் ஃபார் வாட்?" என்றாய். அவர் சொல்லாத பதிலை இப்போது நான் சொல்கிறேன். நீ நடக்கப் பழகின காலத்தில் அப்பாவுக்கு இப்படித்தான் வேலை போனது. விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால், கொடுத்த நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே போய்விடும். சோபாவை விற்றோம். ஹாலெல்லாம் பெட்டி. நீ ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து வாயாலேயே கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் ஊருக்குப் போனால் உன்னை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டு உனக்குப் பருப்புச் சாதம் ஊட்டினேன். கடைசி நேரத்தில் அப்பாவுக்கு வேறு கம்பெனி கிடைத்தது, பெட்டிகளைப் பிரித்தோம். ஆனால் அப்பாவுக்குள் ஒரு பெட்டி இன்னும் கட்டியபடியே இருக்கிறது. நீ இந்த ஊரில் பிறந்தவன், உன்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது என்பது அவர் தலைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. அதனால்தான் அன்று அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். உன்மேல் கோபம் என்று நீ நினைத்துவிட்டாய்.

நீ பதறவில்லை. மறுநாள் உங்கள் புரோகிராமின் கோஆர்டினேட்டர் லிண்டா உன்னிடம் ஸ்பீக்கரில் பேசினாள். நான் கொத்தமல்லி ஆய்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நீ வேலை இல்லாதவன் இல்லை, ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற அப்ரெண்டிஸ் என்றாள். இதுவரை வேலை பார்த்த நேரம் எல்லாம் கணக்கில் இருக்கும், புதுக் கம்பெனியில் முதலாம் வருஷத்தில் இருந்து ஆரம்பிக்கவேண்டாம், இந்த செமஸ்டர் வகுப்புகளுக்கு யுனிவர்சிட்டி ஒரு நிதியில் இருந்து உதவும், வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற அன்எம்ப்ளாய்மென்ட் பணத்துக்கு இன்றைக்கே அப்ளை பண்ணு, வகுப்பை மட்டும் விடாதே என்றாள். அப்புறம் ஒரு கெட்ட செய்தியும் சொன்னாள். ஃபால் செமஸ்டர் தொடங்குவதற்குள் வேறு கம்பெனி உன்னை ஏற்றுக்கொள்ளாவிட்டால் அப்ரெண்டிஸ் என்ற இடம் போய்விடும், சொந்தச் செலவில் சாதாரண மாணவனாகத்தான் தொடரலாம், பிளாண்ட்டில் பழகிய மூன்று வருஷத்துக்கு ஒரு சர்டிபிகேட்டும் மிஞ்சாது. நீ போனை வைத்துவிட்டு, "ஓகே. சோ வீ ஹாவ் டில் ஆகஸ்ட்" என்றாய். நீ 'வீ' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த 'வீ'க்கு நாங்கள் செய்த கைங்கரியத்தைத்தான் இனிமேல் சொல்லவேண்டும்.

லிண்டா நல்லவள்தான், ஆனால் ஆபீஸ்காரர்கள் சொல்வதை நம்பிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கமுடியுமா என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம். நம் ஆட்களுக்கு வேலை எப்படிக் கிடைக்கும்? தெரிந்தவர் மூலம்தான். அப்பா உன் ரெஸ்யூமேவை எடுத்து உட்கார்ந்தார். அப்ரெண்டிஸ் என்று இருந்த இடத்திலெல்லாம் இன்ஜினியரிங் அசோசியேட் என்று மாற்றினார். டிகிரி முடியவில்லை என்பது கண்ணில் படாதபடி வருஷங்களைத் தள்ளிப் போட்டார். நான் பக்கத்தில் இருந்து ஃபாண்ட் இன்னும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும் என்றேன். உன்னைக் கேட்கவில்லை. அது ஃபிரீமான்ட்டில் இருந்து நியூஜெர்சி வரை நம் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போனது. நியூஜெர்சி ஐசலினில் இருக்கிற என் தம்பி அவன் ஆபீஸில் கொடுத்தான். பிரபாவின் வீட்டுக்காரர் சண்முகம் அங்கிள் பெரிய கம்பெனி ஒன்றில் பிளாண்ட் மேனேஜர், அவருக்கும் அனுப்பினோம். நாலு நாள் கழித்து, "இன்ஜினியர் ஓப்பனிங் எதுவுமே இல்லீங்களே, மன்னிச்சுக்கங்க" என்று மரியாதையாகப் பதில் போட்டார். மற்றவர்களில் பாதிப் பேர் பதில் போடவில்லை, மீதிப் பேர் டிகிரி எந்த வருஷம் முடித்தான் என்று கேட்டார்கள். நீ அதே சமயம் லிண்டா கொடுத்த இடங்களில் நேர்மையாக அப்ளை பண்ணிக்கொண்டிருந்தாய். அதில் ஒரு கம்பெனியின் ஆள், உன் பெயரில் இரண்டு ரெஸ்யூமே வந்திருக்கிறது, இதில் எது நீ என்று உனக்கே போன் பண்ணிவிட்டார்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, ஒரு வழியாக அது அன்றைக்கே முடிந்திருக்கும். நீ லேப்டாப்பை அப்பாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்து, அப்ரெண்டிஸ் என்ற சொல் இருந்த இடத்தைக் காட்டினாய். வழக்கமாக நாங்கள் தமிழில் கேட்டால் நீ ஆங்கிலத்தில் பதில் சொல்வாய், அன்று தமிழில் பேசினாய். "அப்பா, அதுதான் நான். அதை ஏன் எடுத்தீங்க?" அவ்வளவுதான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் நல்லதுக்குத்தான் கண்ணு பண்ணுனோம்" என்றேன் நான். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் சொல்வதற்கு அதைவிட உதவாத வார்த்தை வேறு இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் சங்கடமானவை. உன்னோடு வேலை போன டேனியல் படிப்பை விட்டுவிட்டு டெலிவரி வேன் ஓட்டப் போய்விட்டான். அவன் வீட்டு நிலைமை அப்படி. அவன் போனதும் நீயும் தளர்ந்துவிட்டாய். ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கிளம்பாமல் படுத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "வாட்ஸ் த பாயின்ட்?" என்றாய். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியாததால் கோபம் வந்தது. "பாயின்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, எந்திரி. நான் ஓட்டறேன்" என்றேன். 880 ஃப்ரீவேயில் அந்த நேரத்தில் கார் நகராது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிரேக் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். மூன்று வருஷமாக நீ போய்வந்த அந்தக் கட்டடத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கிராஜுவேஷனுக்குத்தான் வருவேன் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

நீ உள்ளே போனாய். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து பாத்ரூம் போகவேண்டும் போல இருந்தது, அதனால்தான் கட்டடத்துக்குள் வந்தேன், உன்னை வேவு பார்க்க இல்லை. திரும்பி வரும்போது வழியில் ஒரு லேப், கண்ணாடிக் கதவு. உள்ளே மேஜைமேல் ஒரு பம்ப்பைக் கழற்றிப் பரப்பியிருந்தார்கள். சுற்றி நாலைந்து பேர், அதில் என் வயசுப் பெண் ஒருத்தியும் இருந்தாள். நீ ஒரு வளையத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே திருப்பி, அதன் ஓரத்தில் எதையோ விரலால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். நீ சிரித்துவிட்டு, அதை அவள் கையில் கொடுத்து, அவளையே தடவிப் பார்க்கச் சொன்னாய். அவள் தடவிப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள். ஆசிரியர் பின்னால் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார், குறுக்கே பேசவில்லை. எத்தனையோ வாரமாக வீட்டில் உன்னை நோயாளி மாதிரி வைத்திருந்தோம், கஞ்சி வேண்டுமா என்று கேட்காத குறைதான். இங்கே பார்த்தால் நோயாளி என்று யாரும் இல்லை. கம்பெனிக்காரன் உன் பேட்ஜை வாங்கிக்கொண்டானே தவிர உனக்குத் தெரிந்த எதையும் வாங்கிக்கொள்ள முடியவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நீ பார்ப்பதற்குள் காருக்கு ஓடி வந்துவிட்டேன். நீ வந்து ஏறியதும் "போர் அடிச்சுதா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மில்பிடாஸ் மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நுனியை உடைக்காதீர்கள் என்று எழுதி வைத்திருந்த போர்டுக்கு நேர் கீழேயே நின்று எல்லோரும் உடைத்துக்கொண்டிருந்தோம். சண்முகம் அங்கிள் வந்தார். கையில் போன், அந்தப் பக்கத்தில் பிரபா, எந்தப் பருப்பு என்று இவருக்குக் குழப்பம். என்னைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு, "பையனுக்கு எங்காச்சும் அமைஞ்சுதுங்களா?" என்றார். வழக்கம்போல, பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நாங்க அனுப்புன ரெஸ்யூமே சரியில்லீங்க. அவன் இன்ஜினியர் இல்ல, அப்ரெண்டிஸ். மூணு வருஷமா பிளாண்ட்ல பம்ப்பு கழட்டி மாட்டறான், சாயங்காலம் யுனிவர்சிட்டி போறான். டிகிரி முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்குதுங்க. நாங்கதான் சொல்றதுக்குக் கூச்சப்பட்டுட்டு மாத்திப் போட்டுட்டோம்."

பக்கத்தில் வெண்டைக்காய் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உடைப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கிள் ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"அப்ரெண்டிஸுங்களா? யுனிவர்சிட்டி புரோகிராம்ல ரிஜிஸ்டர் ஆனவனா?"

"ஆமாங்க."

"அட, அதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னங்க? எங்க கம்பெனில இன்ஜினியர் ஹயரிங்தான் ஃப்ரீஸ், ஆள் எடுக்கறதில்லீங்க. அப்ரெண்டிஸ் சீட் அதுல வராதுங்க, அது தனி. டெக்ஸஸ் பிளாண்ட்ல மூணாம் வருஷப் பையன் ஒருத்தன் பாதில போயிட்டான், பழகுன கை வேணும்னு அங்க தவிச்சிட்டிருக்கறாங்க. ரெண்டு மாசமா அந்த சீட் காலியாத்தான் இருக்குது."

கதிர், எனக்கு அந்த வெண்டைக்காய்க் கூடையிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தச் சொல் உன்னைக் கீழே இறக்கும் என்று மறைத்து மறைத்து வைத்தேனோ, அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அந்த மனிதர் காத்திருந்தார். நாங்களே கதவைச் சாத்திவிட்டு, வேறு வாசல் இருக்கிறதா என்று அமெரிக்கா முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தோம். நான் சிபாரிசு எதுவும் கேட்கவில்லை. அவரும், "நான் சொல்லி எடுக்கமாட்டாங்க, உங்க கோஆர்டினேட்டர் அம்மாவ எங்க டெக்ஸஸ் ஆளுங்ககிட்டப் பேசச் சொல்லுங்க, மத்தது பையன் கையில" என்றார். கிளம்பும்போது எந்தப் பருப்பு என்று என்னிடம் கேட்டுத் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு போனார். பிரபா கேட்டது கடலைப்பருப்பாம். அந்தப் பழியும் என் தலையில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நீயும் லிண்டாவும் செய்தது. அவள் அங்கே பேசினாள், நீ ஆஸ்டின் போய் வந்தாய். இன்டர்வியூ என்று உட்கார வைக்காமல் பிளாண்ட்டுக்குள் கூட்டிப்போய் ஓடாத பம்ப் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். இந்த மாடல் எனக்குத் தெரியாது, மேனுவல் கொடுங்கள் என்று நீ கேட்டாயாம். இதைக் கேட்டதும் அப்பா நெற்றியில் கை வைத்தார், தெரியாது என்று யாராவது சொல்வார்களா என்று. ஆனால் மேனுவல் கேட்டவனைத்தான் அவர்கள் எடுத்தார்கள். டெக்ஸஸ் யுனிவர்சிட்டி உன் வகுப்புகளில் பலதை ஏற்றுக்கொண்டது, சிலதை ஏற்கவில்லை. லிண்டா மறுபடி மறுபடி எழுதி ஒன்றிரண்டை மீட்டாள். அப்படியும் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்கவேண்டும். அன்றைக்கு நீ முகத்தைத் தொங்கப்போட்டாய். போகட்டும் கண்ணு. ஒரு செமஸ்டர் தாமதமாக டிகிரி வாங்கினவனை யாரும் தாமதமாக வந்தவன் என்று ஒதுக்குவதில்லை. ஆகஸ்ட் பிறப்பதற்குள் உன் பெயர் மறுபடி அப்ரெண்டிஸ் பட்டியலில் ஏறிவிட்டது என்று நீ வந்து சொன்னபோது அப்பா எழுந்து நின்று உனக்குக் கை கொடுத்தார். பெற்ற பிள்ளைக்கு யாராவது கை கொடுப்பார்களா என்று நான் கேலி பண்ணினேன். அவருக்கு மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியவில்லை. நீ புரிந்துகொண்டு அவரைக் கட்டிக்கொண்டாய். நன்றி.

இனி புத்திமதி. அம்மா கடிதம் என்றால் அது இல்லாமல் முடியுமா. புதுப் பிளாண்ட்டில் முதல் வாரமே உன்னைப் போன்றவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள், வேலை போனபிறகு தேடாதே. லிண்டாவுக்கு மாதம் ஒரு தடவையாவது போன் பண்ணு. அவள் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கமாட்டாள், அதனால்தான் பண்ணவேண்டும். டேனியலை விடாதே. அவனும் ஒரு வருஷத்துக்குள் மறுபடி அப்ளை பண்ணித் திரும்பி வரலாம் என்று லிண்டா சொல்லியிருக்கிறாளாம், வேன் ஓட்டிக் களைத்து வருகிறவனுக்கு அது ஞாபகம் இருக்காது, நீதான் ஞாபகப்படுத்தவேண்டும். எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஊரில் பெரிய டிரக் வாங்கிவிடாதே. தயிர் உறை ஊற்றப் பழகு. அந்தக் கம்பெனியும் ஒரு நாள் மூடலாம். மூடாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இஷ்டம்தான், ஆனால் உங்கள் அப்பாவோடு இருபத்தைந்து வருஷம் இந்த நாட்டில் குடித்தனம் பண்ணினவள் நான், அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அப்படி மூடினால் எங்களிடம் சொல்வதற்கு முன்னால் குளித்துச் சாப்பிடவெல்லாம் வேண்டாம். அங்கேயே பார்க்கிங்கில் நின்று போன் பண்ணு. ரெஸ்யூமேவைத் தொடமாட்டோம் என்று இரண்டு பேரும் சாமி படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டோம்.

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இப்போதே முடிக்கிறேன். நேற்று பிளசன்டனில் இருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பாட்லக்கில் பார்த்த பழக்கம், அவ்வளவுதான். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். அவள் மகள் யுனிவர்சிட்டி வேண்டாம், அப்ரெண்டிஸ்தான் சேருவேன் என்று நிற்கிறாளாம், வீட்டில் மூன்று நாளாக யாரும் யாரோடும் பேசுவதில்லையாம். "நம்ம பசங்களுக்கு இதெல்லாம் ஒத்து வருமாக்கா? நடுவுல வேலை போயிட்டா என்ன பண்றது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள், அடுத்த அறையில் மகள் இருந்திருப்பாள் போல. "போகும்மா, எங்க பையனுக்குப் போச்சு" என்றேன். "போயிட்டு, அப்புறம்?" என்றாள். மகளை அவனிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

அந்த மகள் இந்த வாரம் உனக்கு போன் பண்ணுவாள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டுவிடாதே. சம்பளம், டிகிரி, மெஷின் இதெல்லாம் அவள் ஏற்கெனவே படித்து வைத்திருப்பாள். நீ வேலை போன நாளில் இருந்து ஆரம்பி. அவளுக்கு அதைச் சொல்ல நம் ஆட்களில் இப்போதைக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

அம்மா